உதகை மலையும் அணுக்கரு மோதலும்

அணுக்கருக்களை மிகுந்த வேகத்தில் மோதவிட்டு, அம்மோதலில் பிறக்கும் துகள்களை எண்ணி ஆராய்வது இன்றைய பௌதிகத்தின் தலையாய துறைகளுள் ஒன்று. இத்துறையைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் நண்பர்களின் நினைவு ஜெனீவாவுக்குப் பறந்துவிடுகிறது. நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம், பல நாடுகளிலிருந்து வந்து குழுமிய ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள், கணக்கற்ற பொருட்செலவு. "செல்வந்தர் நாட்டு விளையாட்டு ஐயா இது! நமக்கும் இதற்கும் என்ன உறவு?" என்று நம் சங்கக் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆயின் அதற்குரிய விடையை ஜெனீவாவில் தேட வேண்டியதில்லை, நீலகிரியிலேயே இருக்கிறது.

உதகமண்டலத்தில், கடல் மட்டத்திற்கு 2,200 மீட்டர் உயரத்தில், இத்தகைய மோதல்களை 1950களிலிருந்து அளந்து வருகிறார்கள். அங்கே மோதவிடும் பொறி எதுவும் இல்லை. விண்வெளியிலிருந்து இரவு பகலாக வந்து விழும் காஸ்மிக் கதிர்களே எறிபொருள். நம் தலைக்கு மேலுள்ள காற்றே இலக்கு. மோதலை வானம் செலவின்றி நடத்தித் தருகிறது. எண்ணிக் கணக்கெடுக்கும் வேலை மட்டுமே மனிதனுடையது. அந்த வேலை எத்துணை நுட்பமானது, அதைக் கொண்டு உண்மையை எவ்வளவு தூரம் எட்ட முடிகிறது, எங்கே கை எட்டாமல் நிற்கிறது என்பதையே இங்கே சொல்ல முயல்கிறேன்.

அணுக்கருவை எவரும் கண்ணால் கண்டதில்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே எண்ணித் தெரிந்துகொண்ட செய்திதான். 1909-ல் மான்செஸ்டர் நகரில் கைகரும் மார்ஸ்டெனும் மெல்லிய உலோகத் தகட்டின்மீது ஆல்பாத் துகள்களை ஏவினார்கள். பிறகு இருட்டறையில் அமர்ந்து, திரையில் மின்மினி போல் தோன்றி மறையும் ஒளிப்பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பெரும்பாலான துகள்கள் தகட்டை ஊடுருவி நேரே சென்றன. ஏறத்தாழ 8,000-ல் ஒன்று மட்டும் வந்த பக்கமே திரும்பியது. அந்த அற்பமான விகிதத்தைப் பற்றிக்கொண்டுதான் 1911-ல் ரூதர்ஃபோர்டு, அணுவின் எடை முழுவதும் அதன் நடுவே மிகச் சிறிய இடத்தில் அடங்கியிருக்கிறது என்று நிறுவினார். சிதறிய துகளை எண்ணி, சிதறடித்த பொருளின் வடிவை அறியும் முறை அன்று பிறந்தது. இன்றளவும் அம்முறை தொடர்கிறது. கருவிகள் மட்டுமே பெருகியிருக்கின்றன.

வேகம் கூடக்கூடக் கதை மாறுகிறது. திருவனந்தபுரம் பழவங்காடிக் கணபதி கோவிலுக்குச் சென்றவர்கள் அங்கே சிதறு தேங்காய் உடைப்பதைப் பார்த்திருப்பார்கள். உடைத்தவர் போன பிறகு வந்து நிற்பவரும், சில்லுகள் தெறித்துக் கிடக்கும் தூரத்தையும் திசையையும் நோக்கி, தேங்காய் எப்பக்கத்திலிருந்து எவ்வளவு வலுவாக எறியப்பட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அணுக்கரு மோதலை அளப்பதும் இப்படிப்பட்டதே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தேங்காய்ச் சில்லுகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தாலும் ஒரு தேங்காய்க்குமேல் தேறாது. புரோட்டான்கள் பெருவேகத்தில் மோதும்போதோ, முன்பு அங்கே இல்லாத புதிய துகள்கள் பத்தும் இருபதுமாகத் தோன்றுகின்றன. மோதலின் ஆற்றலே பொருளாக உருமாறிவிடுகிறது! ஜெனீவாவின் 'ஆலிஸ்' கருவிக்குள் இரண்டு ஈயக் கருக்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டபோது, மின்னேற்றமுள்ள துகள்கள் மட்டுமே ஒரு மோதலுக்கு 21,000-க்கும் மேல் பிறந்ததாகக் கணக்கிட்டார்கள். இரண்டு கருக்களிலும் சேர்த்து இருந்த புரோட்டான்களும் நியூட்ரான்களும் 416-தான் என்பதை நினைவிற்கொள்க. (அந்த 'ஆலிஸ்' கருவியில் ஒளித்துகள்களை எண்ணும் பகுதியொன்றைக் கொல்கத்தா விஞ்ஞானிகள் முன்னின்று அமைத்தார்கள், அது பல ஆண்டுகள் பணிபுரிந்தது. ஆகவே ஜெனீவாவும் நமக்கு முற்றிலும் அந்நியமன்று.)

'துகள்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மலையாளத்தில் இதனைக் 'கணம்' என்பார்கள். நமக்கோ கணம் என்றால் நொடிப்பொழுது. ஒரு கணம்கூட உயிர்வாழாத 'கண'த்தைப் பற்றி மலையாள நண்பர்களோடு பேசும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மோதலில் அளக்க வேண்டியவற்றுள் முதன்மையானது, அது எவ்வளவு எளிதில் நிகழ்கிறது என்பது. எறிபவன் கண்ணைக் கட்டிவிட்டால், இலக்கு எவ்வளவு பெரியதோ அவ்வளவு அடிகள் அதன்மீது விழும். எனவே எத்தனை எறிந்தோம், எத்தனை பட்டன என்று எண்ணினாலே இலக்கின் பரப்பு தெரிந்துவிடும். இதனைக் குறுக்குப் பரப்பு என்கிறோம். இதன் அலகுக்குப் பெயர் 'பார்ன்'. ஆங்கிலத்தில் தானியமும் வைக்கோலும் அடைக்கும் கொட்டகைக்கு வழங்கும் பெயர் அது. 1 என்ற எண்ணை, 1-க்குப் பின் 24 சுழிகள் போட்ட எண்ணால் வகுத்தால் கிடைக்கும் சதுர சென்டிமீட்டர்தான் இந்தக் 'கொட்டகை'. பெயரிட்ட அமெரிக்க விஞ்ஞானிகளின் குறும்பு அது. புரோட்டானும் புரோட்டானும் நடுத்தர ஆற்றலில் மோதும்போது குறுக்குப் பரப்பு சுமார் 40 மில்லிபார்ன். ஜெனீவாவின் பெரிய வளையத்தில் 13 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அளந்தபோது அது சுமார் 110 மில்லிபார்னாக வளர்ந்திருந்தது. அதாவது, ஆற்றல் ஏற ஏறப் புரோட்டான் பருத்துக்கொண்டே போவது போல் தோன்றுகிறது.

இனி வானத்திற்கு வருவோம். காற்று லேசானது என்று நாம் எண்ணுகிறோம். புரோட்டானுக்கு அது கற்சுவர். கடல் மட்டத்தில் நிற்கும் ஒருவரின் தலைக்கு மேல், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 1,030 கிராம் காற்று இருக்கிறது. உதகையில் அது சுமார் 800 கிராம். உயர் ஆற்றலுள்ள புரோட்டானுக்கும் காற்றின் கருவுக்கும் இடையேயான குறுக்குப் பரப்பைச் சுமார் 300 மில்லிபார்ன் என்று கொண்டால், சராசரியாக 80 கிராம் காற்றைக் கடப்பதற்குள் ஒரு மோதல் நிகழ்ந்தாக வேண்டும். உதகைக்கு வந்து சேர்வதற்குள் பத்து மோதலுக்குரிய காற்று குறுக்கே நிற்கிறது. மோதாமல் தப்பி வரும் புரோட்டான் எத்தனை என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 22,000-ல் ஒன்று! ஆகவே உதகையில் வந்து விழுவது விண்ணிலிருந்து புறப்பட்ட புரோட்டான் அன்று. அதன் பிள்ளைகள், பேரன்கள், கொள்ளுப்பேரன்கள்.

இந்த வம்சாவளியில் ஒரு முக்கியமான பங்காளிப் பிரிவினை உண்டு. முதல் மோதலில் பிறப்பவற்றுள் பெரும்பாலானவை பயான்கள். அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்னேற்றமற்றது. அது பிறந்த மாத்திரத்தில் இரண்டு ஒளித்துகள்களாக அழிந்துவிடும். ஒளித்துகள் எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் பெறும். அவை மீண்டும் ஒளித்துகள்களைப் பெறும். இப்படி ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, அருவி போல் பெருகும். இந்தப் பெருக்கத்தின் கணிதத்தை 1937-ல் வகுத்தவர்கள் நம் ஹோமி பாபாவும் ஹைட்லர் என்ற விஞ்ஞானியும் ஆவர். மின்னேற்றமுள்ள பயான்களின் கதை வேறு. ஆற்றல் மிகுந்திருக்கும் வரை அவை மேலும் காற்றுக் கருக்களோடு மோதிப் புதிய பயான்களை உண்டாக்கும். ஆற்றல் தளர்ந்ததும் மியூவான்களாகச் சிதையும். மியூவான் காற்றோடு அதிகம் வம்புக்குப் போகாது. நேரே தரைக்கு வந்துவிடும். தரையையும் துளைக்கும். கோலார் தங்கவயலில், பிழைப்புத் தேடிப் போன தமிழர்கள் பெருந்தொகையினராக உழைத்த அந்தச் சுரங்கங்களில், 1950களின் தொடக்கத்தில் பல்வேறு ஆழங்களுக்கு இறங்கி மியூவான்களை எண்ணியவர் பி. வி. ஸ்ரீகண்டன்.

கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்திற்கு ஒரு மியூவான் என்ற வீதத்தில் இந்த மழை ஓயாமல் பெய்கிறது. பாறசாலைப் பக்கம் குடியேறிவிட்ட குடும்பத்தைச் சேர்ந்த நான், தனுவச்சபுரத்தில் காலை வண்டி ஏறித் திருவனந்தபுரத்திற்கு வருகிறேன். மடியில் விரித்து வைத்த நோட்டுப் புத்தகம் 600 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அரைமணி நேரத்தில் அதன் வழியே 18,000 மியூவான்கள் பாய்ந்து போகின்றன. வண்டியின் கூரை அவற்றைத் தடுப்பதில்லை. ஒவ்வொன்றும் எங்கோ உச்சியில் நடந்த ஒரு மோதலின் சாட்சி. சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை, விசாரிக்கத் தெரிய வேண்டும்.

விசாரணை எப்படி நடந்தது என்பதற்கு உதகையின் பழைய ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். என் மனத்திற்கு மிகவும் உகந்தது அது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர் அங்கே, உலோகத் தகடுகளை அடுக்கிய பெரிய மேக அறை ஒன்றை வைத்துத் துகள்களின் தடங்களைப் படம் பிடித்தார்கள். துகளின் ஆற்றல் முழுவதையும் உறிஞ்சி அளக்கும் கருவியையும் பின்னர் அமைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஸ்ரீகண்டனும் அவர் குழுவினரும் ஒரு கேள்வியை எழுப்பினர்: மோதலில் பிறப்பவை பயான்கள் மட்டும்தாமா? கனமான புரோட்டான்களும், அவற்றின் எதிர்த்துகள்களும் எவ்வளவு பிறக்கின்றன?

துகளைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் அது எப்போது வந்தது என்று பார்க்கலாம். ஒரே அளவு ஆற்றலுள்ள இரண்டு துகள்களில் கனமானது சற்றே மெதுவாகச் செல்லும். இரண்டும் 2,000 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஒரு கிலோமீட்டர் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒளி அத்தூரத்தை ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 3.3 பங்கு நேரத்தில் கடக்கிறது. பயான் ஒளிக்குப் பின்தங்குவது 0.08 நானோ நொடி. மிகமிகச் சிறிய தாமதம். புரோட்டானோ ஏறத்தாழ 3.7 நானோ நொடி பின்தங்கும். நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. இன்னும் பல கிலோமீட்டர் ஓடி வந்தால் தாமதம் அந்த அளவுக்குக் கூடும். ஆகவே, பொழிவின் முன்னணி வந்து சேர்ந்த பின் தாமதித்து வரும் துகள் ஒன்று, கருவியில் பெருத்த ஆற்றலையும் கொட்டுமானால் அது பயானாக இருக்க முடியாது. கனமான துகளாகத்தான் இருக்க வேண்டும். கடிகாரமும் ஆற்றல் மானியும் சேர்ந்து தராசாகிவிட்டன! இம்முறையில் எண்ணியபோது, ஆற்றல் ஏற ஏறப் புரோட்டான் இனத்துத் துகள்களும் எதிர்த்துகள்களும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பிறக்கின்றன என்று உதகைக் குழுவினர் கண்டனர். எதிர்ப்புரோட்டான்களின் பிறப்பு ஆற்றலோடு கூடுவதை அதன் பின்னர் ஜெனீவாவின் மோதுவளையத்திலும் கண்டார்கள். இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதியில் அது வேறொரு வேடத்தில் வரப்போகிறது.

இன்று உதகையில் இயங்கும் கருவித் தொகுதிக்குக் 'கிரேப்ஸ்-3' என்று பெயர். இந்தியரும் ஜப்பானியரும் சேர்ந்து நடத்துவது. துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர், சுமார் 400. எட்டு மீட்டருக்கு ஒன்றாக 25,000 சதுர மீட்டர் பரப்பில் பரப்பி வைத்திருக்கிறார்கள். பொழிவு நேர்மேலிருந்து வந்தால் எல்லாத் தகடுகளிலும் ஒரே சமயத்தில் ஒளி தோன்றும். சாய்ந்து வந்தால் ஒரு பக்கத்தில் முந்தும். 30 பாகை சாய்ந்து வரும் பொழிவு, அடுத்தடுத்த தகடுகளில் 13 நானோ நொடி வித்தியாசத்தில் படும். இதிலிருந்து திசை கிடைக்கிறது. எத்தனை துகள் விழுந்தன என்ற மொத்தத்திலிருந்து ஆற்றல் கிடைக்கிறது. ஒரு பக்கமாக, இரண்டு மீட்டர் கனமுள்ள கான்கிரீட்டின் அடியில், 3,712 இரும்புக் குழாய்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம், உள்ளே வாயு, நடுவே ஒரு மெல்லிய கம்பி. எலெக்ட்ரான்கள் கான்கிரீட்டில் மடிந்துபோகும். மியூவான்கள் மட்டுமே குழாய்களை எட்டும். மொத்தம் 560 சதுர மீட்டர். (இதே குழாய்களைக் கொண்டு, 2014 டிசம்பர் முதல் நாளன்று உதகையைக் கடந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததென்றும் கண்டறிந்தார்கள். மியூவான் எண்ணிக்கை சில நிமிடங்கள் குறைந்ததே துப்பு. அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

எலெக்ட்ரானையும் மியூவானையும் தனித்தனியே எண்ணுவது எதற்காக? வந்து மோதிய கரு எது என்று அறிவதற்காக. விண்ணிலிருந்து புரோட்டான் மட்டும் வருவதில்லை. ஹீலியம் முதல் இரும்பு வரை பல கருக்கள் வருகின்றன. இரும்புக் கருவில் 56 புரோட்டான்களும் நியூட்ரான்களும் உள்ளன. ஓர் இரும்புக் கரு ஒரு குறிப்பிட்ட ஆற்றலோடு வந்தால், அந்த ஆற்றலை 56 பேர் பங்கிட்டுக்கொண்டு வருகிறார்கள் என்றே பொருள். பங்கு சிறியதாகையால் பயான்கள் விரைவில் ஆற்றல் தளர்ந்து மியூவான்களாகின்றன. எளிய கணக்கில், அதே ஆற்றலுள்ள புரோட்டான் தருவதைப் போல் ஒன்றரை மடங்கு மியூவான்கள் கிடைக்கும். ஒரு பொழிவைக் காட்டி, 'இது புரோட்டான், அது இரும்பு' என்று சொல்லிவிட முடியாது. தற்செயலான ஏற்ற இறக்கங்கள் அவ்வளவு உண்டு. லட்சக்கணக்கில் எண்ணினால் விகிதம் புலப்படும்.

அப்படித்தான் 78 லட்சம் பொழிவுகளை எண்ணினார்கள். 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் பதிவானவை அவை. முடிவு 2024-ல் வெளிவந்தது. காஸ்மிக் புரோட்டான்களின் எண்ணிக்கை ஆற்றல் ஏற ஏறச் சீராகக் குறைந்துகொண்டே போகும் என்பது நெடுநாளைய கருத்து. 'முழங்கால்' என்று பெயர்பெற்ற, சுமார் 3,000 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில்தான் போக்கு மாறும் என்று நம்பினர். உதகைக் கணக்கோ, அதற்கு வெகு முன்னரே, சுமார் 166 லட்சம் கோடியிலேயே, குறையும் வேகம் தளர்கிறது என்று காட்டியது. இந்தத் துகள்களை எங்கே, எது முடுக்கிவிடுகிறது என்ற கேள்வியையே இது மறுபடியும் திறந்துவிட்டது.

இனித்தான் சிக்கல் வருகிறது. தரையில் எண்ணிய மியூவான்களிலிருந்து, உச்சியில் மோதிய கருவிற்குப் பின்னோக்கிச் செல்ல வேண்டுமானால், நடுவில் ஒவ்வொரு மோதலிலும் என்ன பிறந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அதை உதகையில் அளக்க இயலாது. கணக்கீட்டு மாதிரிகளை நம்ப வேண்டும். அம்மாதிரிகள் ஜெனீவா முதலிய இடங்களில் அளந்த எண்களைக் கொண்டு செப்பனிடப்பட்டவை. இங்கே ஒரு ஐயம் எழலாம். உதகையில் 166 லட்சம் கோடி, ஜெனீவாவில் 13.6 லட்சம் கோடிதானே? உதகையில் மோதப்படும் கரு அசையாமல் நிற்கிறது. நிற்கும் வண்டியில் மோதுவதற்கும், எதிரெதிரே ஓடிவரும் இரண்டு வண்டிகள் மோதுவதற்கும் உள்ள வேற்றுமை இது. நிற்கும் இலக்கில் மோதும் புரோட்டானின் ஆற்றலில் பெரும்பகுதி முன்னோக்கிச் செல்வதிலேயே போய்விடும். 166 லட்சம் கோடியில், புதிய துகள்களைப் பிறப்பிக்க எஞ்சுவது அரை லட்சம் கோடிக்குச் சற்றே மேல். அந்த வகையில் ஜெனீவா உதகையைத் தாண்டி நிற்கிறது.

அப்படியானால் மாதிரிகளில் ஐயம் எதற்கு? இரண்டு காரணங்கள். ஜெனீவாக் கருவிகள் பெரும்பாலும் பக்கவாட்டில் தெறிக்கும் துகள்களையே பிடிக்கின்றன. நேர் முன்னே பாய்பவை குழாய்க்குள்ளேயே ஓடி மறைகின்றன. காற்றுப் பொழிவை வளர்ப்பவையோ அந்த முன்னோடித் துகள்களே. அவற்றைப் பிடிக்க மோதும் இடத்திலிருந்து 140 மீட்டர் தள்ளி ஒரு சிறு கருவி வைத்தார்கள். அதுவும் மின்னேற்றமற்றவற்றை மட்டுமே காணும். மற்றொரு காரணம், அந்தப் பெரிய வளையத்தில் நெடுங்காலம் மோதவிட்டவை பெரும்பாலும் புரோட்டானும் ஈயமும். காற்றில் ஈயம் ஏது?

இந்த ஐயம் வீண் ஐயம் அன்று. அர்ஜென்டினாவில் 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த பியர் ஓஜே ஆய்வகம் ஜெனீவாவைப் போல் பத்து மடங்கு ஆற்றலுள்ள மோதல்களைக் காண்கிறது. தரையை எட்டும் மியூவான் முதலியவற்றின் அளவு, மாதிரிகள் சொல்வதைவிட 1.3 முதல் 1.6 மடங்கு வரை இருக்கிறது என்று அது 2016-ல் வெளியிட்டது. எங்கே தவறு? மின்னேற்றமற்ற பயான்களுக்குப் போகும் ஆற்றல் நாம் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். எதிர்ப்புரோட்டான் முதலிய கனமான துகள்கள் அதிகம் பிறந்தாலும் அதே விளைவுதான். அவை ஒளித்துகளாக அழியாமல், மேலும் மேலும் மோதி மியூவான்களைப் பெருக்கும். 1970களில் உதகை கேட்ட கேள்வியே மீண்டும் வாயிலில் வந்து நிற்கிறது.

உதகையின் ஆற்றல் எல்லையில் இவ்வளவு பெரிய முரண்பாடு இல்லை. இருந்தாலும் 166 என்ற எண்ணைச் சொல்லும்போது, எண்ணிய மியூவான்கள் உறுதியானவை, அவற்றிலிருந்து புரோட்டானைப் பிரித்தெடுத்த கணக்கு மாதிரியைச் சார்ந்தது என்று சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. நம்மில் சிலர் முதற்பகுதியை மட்டும் பெருமையாகப் பேசுகிறோம். வேறு சிலர் இரண்டாம் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, 'உதகையில் வெறுமனே எண்ணுகிறார்கள்' என்று ஒதுக்குகிறார்கள். ஜெனீவாவிலும் எண்ணத்தான் செய்கிறார்கள்.

2025 ஜூலை மாதத்தில் அந்தப் பெரிய வளையத்தில் முதன்முறையாக ஆக்சிஜன் கருக்களைச் செலுத்தினார்கள். புரோட்டானை ஆக்சிஜனோடும், ஆக்சிஜனை ஆக்சிஜனோடும் மோதவிட்டார்கள். நீலகிரியின் உச்சி வானில் ஓயாமல் நடக்கும் மோதலை, சுற்றிலும் கருவிகள் சூழ, சில நாட்கள் நிலத்தடியில் நடத்திப் பார்த்தார்கள் எனலாம். அதில் பிறந்த பயான்கள் எத்தனை, கனமான துகள்கள் எத்தனை என்ற எண்கள் மாதிரிகளுக்குள் ஏறும்போது, உதகையின் 78 லட்சம் பொழிவுகளையும் அவற்றைக் கொண்டு மறுபடியும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பொழிவுகள் பதிவேட்டில் அப்படியே இருக்கின்றன.